ஒரே விலைக்கு இரண்டு உயிர்: புதுச்சேரியில் கடற்சாமந்தி விற்கும் கடை ஒன்றைப் பற்றி

புதுச்சேரியிலிருந்து கடலூர் வரும் சாலையில், முதலியார்பேட்டையைத் தாண்டிச் சற்றுத் தொலைவில் இருக்கும் ஓர் அலங்கார மீன் கடையைப் பற்றிய மதிப்புரை இது. தங்கமீனும் கப்பியும் ஃபைட்டரும் வாங்குவதற்காக யாரும் அங்கே போக வேண்டியதில்லை. அவை எந்த ஊரிலும் கிடைக்கும். உப்புநீர்த் தொட்டி வைத்திருப்பவர்களுக்கு, அதிலும் அனிமோன் என்று கடைக்காரர்கள் சொல்லும் கடற்சாமந்தியை வளர்க்க நினைப்பவர்களுக்குத்தான் இந்தக் கடை முக்கியம். கடற்சாமந்தியை விற்பவர் ஒரே விலைக்கு இரண்டு உயிர்களை விற்கிறார். ஒன்று, கண்ணுக்குத் தெரியும் விலங்கு. மற்றொன்று, அந்த விலங்கின் செல்களுக்குள்ளேயே குடியிருந்து, வெளிச்சத்தைக் கொண்டு உணவு தயாரித்து அதற்குக் கொடுக்கும் ஒற்றைச்செல் பாசி. நான் பார்த்த கடைகளில் பெரும்பாலானவை முதல் உயிருக்குத் தண்ணீரும் தீனியும் கொடுத்துவிட்டு, இரண்டாவது உயிரை இருட்டில் பட்டினி போடுகின்றன. இந்தக் கடை அப்படிச் செய்வதில்லை. கடையின் பெயரை வேண்டுமென்றே விட்டிருக்கிறேன். குறைகளையும் சொல்லப் போகிறேன் என்பதுதான் காரணம்.

கடையின் முன்பகுதி வழக்கமான நன்னீர்ப் பகுதி. நெரிசலானது, ஈரமானது, சனி ஞாயிறுகளில் பிள்ளைகள் கூட்டத்தால் நிற்க இடமில்லாதது. அதைக் கடந்து, பிளாஸ்டிக் திரையை விலக்கிக்கொண்டு உள்ளே போனால் கடல்நீர்த் தொட்டிகள் இருக்கும் அறை வருகிறது. குளிரூட்டப்பட்ட அறை. ஒவ்வொரு தொட்டியின் மேலும் தனி விளக்கு. சுவரில் ஒரு கரும்பலகை. அதில் அன்றைய நீரின் வெப்பநிலை, உப்பளவு, நைட்ரேட் அளவு ஆகியவை காலையில் ஒருமுறை, மாலையில் ஒருமுறை எழுதப்படுகின்றன. வாடிக்கையாளரைக் கவர்வதற்கான ஏற்பாடு என்று முதலில் எண்ணத் தோன்றும். ஆனால் கடையில் உப்பளவு பார்க்கும் ரிஃப்ராக்டோமீட்டர் கருவியைக் கேட்டால் தயங்காமல் எடுத்துக் கொடுக்கிறார்கள். நாமே ஒரு சொட்டு நீரை வைத்துப் பார்த்தால், பலகையில் உள்ள எண்ணும் கருவி காட்டும் எண்ணும் பொருந்துகின்றன.

விற்பனைக்கு இருப்பவை பெரும்பாலும் நுனி குமிழாக உப்பியிருக்கும் பபிள் டிப் வகைக் கடற்சாமந்திகள். அறிவியல் பெயர் என்டக்மியா குவாட்ரிகலர். இவை தம்மைத் தாமே நெடுக்காகப் பிளந்துகொண்டு இரண்டாகும் இயல்புடையவை. கடையில் உள்ளவை அவ்வாறு அங்கேயே பிளந்து பெருகியவை என்று சொல்கிறார்கள். ஒரே நிறத்தில், ஒரே அமைப்பில், அளவில் மட்டும் வேறுபட்டு அவை வரிசையாக ஒட்டிக்கொண்டிருப்பதைப் பார்க்கும்போது அதை நம்பலாம். பிளக்கும்போது பாசியும் பங்காகிப் போகிறது என்பதால், பிளந்து வந்த துண்டு வெறுங்கையோடு வருவதில்லை. கடலிலிருந்து பிடுங்கி, பாதம் கிழிந்து, நெடுந்தூரம் பையில் கட்டுண்டு வந்த ஒன்றைவிட இது பிழைக்கும் வாய்ப்பு மிகுதி.

அந்தக் கடற்சாமந்திகளின் நிறத்தைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் வாங்குபவர்கள் ஏமாறும் இடம் அதுதான். இங்கே உள்ளவை மங்கலான பழுப்பு. அதன்மேல் சில கோணங்களில் மட்டும் பச்சை ஒளிர்கிறது. குமிழின் உச்சியில் இளஞ்சிவப்பு. முதல்முறை பார்ப்பவர்களுக்கு இந்தப் பழுப்பு அழுக்கு போலத் தோன்றி ஏமாற்றம் தரும். வேறு கடைகளில் பால் வெள்ளையாகவும், எலுமிச்சை மஞ்சளாகவும், கத்தரிப்பூ நிறத்திலும் அனிமோன்கள் கண்ணைப் பறிக்கும். ஆனால் பழுப்பு என்பது பாசியின் நிறம். வெள்ளையாக இருப்பது பாசியை இழந்துவிட்ட, அதாவது வெளிறிப்போன உயிர்; திகட்டும் மஞ்சளும் ஊதாவும் பல நேரங்களில் அப்படி வெளிறிப்போனதைச் சாயத்தில் முக்கி எடுத்ததன் விளைவு. இந்த வணிகத்தில் உலகம் முழுவதும் நடக்கும் மோசடி அது. சாயம் சில வாரங்களில் கரைந்துவிடும். அதன்பின் தொட்டியில் எஞ்சியிருப்பது, உணவு தயாரித்துக் கொடுக்க ஆளில்லாமல் நாளுக்கு நாள் சுருங்கும் ஒரு விலங்கு. வெள்ளையாக ஏதாவது இருக்கிறதா என்று ஒருவர் கேட்டபோது கடை உரிமையாளர் சொன்ன பதில் எனக்குப் பிடித்திருந்தது: “வெள்ளையா இருந்தா அது பட்டினி கிடக்குதுன்னு அர்த்தம் சார். அதை நான் வாங்கவும் மாட்டேன், விக்கவும் மாட்டேன்.”

கடையில் ஓர் எளிய நுண்ணோக்கி இருக்கிறது, பள்ளிக்கூட ஆய்வகங்களில் இருக்கும் வகை. கடற்சாமந்தி அவ்வப்போது வாய் வழியாகப் பழுப்பு நிறச் சளி இழைகளை வெளியேற்றும். தொட்டியின் அடியில் கிடந்த அப்படியோர் இழையைப் பிப்பெட்டால் உறிஞ்சி, கண்ணாடித் தகட்டில் வைத்து, அங்கே வேலை செய்யும் இளைஞர் எனக்குக் காட்டினார். நானூறு மடங்கு பெருக்கத்தில், பொன்னும் பழுப்பும் கலந்த நிறத்தில் உருண்டை உருண்டையாக நூற்றுக்கணக்கில் தெரிந்தன. ஒவ்வொன்றும் ஏறத்தாழ 10 மைக்ரோமீட்டர் குறுக்களவு. அதாவது ஒரு மில்லிமீட்டருக்குள் நூறு வரிசையாக நிற்கும். சில உருண்டைகள் நடுவில் கோடு விழுந்து இரட்டையாக இருந்தன; அவை பிரிந்து பெருகும் நிலையில் உள்ளவை. “இது வெளியே தள்ளினது அண்ணா. உள்ளே இதைவிட நெருக்கமா இருக்கும். அதிகமாப் பெருகிட்டா கொஞ்சத்தை இப்படி வெளியே அனுப்பிடும்” என்றார். சரியான விளக்கம். அளவாக வெளியேற்றுவது இயல்பு. ஒரேயடியாக வெளியேற்றுவதுதான் நோய். வாங்கும் முன்பே இந்த வேறுபாட்டை வாடிக்கையாளருக்குக் காட்டும் கடையை நான் வேறெங்கும் பார்த்ததில்லை.

இந்தப் பாசிகளுக்கு ஸூஸாந்தெல்லே என்ற பொதுப்பெயரை 1881இல் கார்ல் பிரான்ட் என்ற ஜெர்மானிய அறிவியலாளர் இட்டார். டைனோஃபிளாஜெல்லேட் என்னும் பெரிய குழுவைச் சேர்ந்தவை. கடலில் தனித்து இருக்கும்போது இரு கசையிழைகளால் நீந்தும். விலங்கின் செல்லுக்குள் புகுந்தபின் அவற்றை இழந்து உருண்டையாகிவிடும். விலங்கின் உட்படலச் செல்லுக்குள் ஒரு சவ்வுப்பையில் இவை தங்குகின்றன. கடையின் சுவரில் இதை விளக்கும் வண்ணப்படம் ஒன்று மாட்டப்பட்டிருக்கிறது, நல்ல படம். ஆனால் எல்லாப் பாசிக்கும் சிம்பயோடினியம் மைக்ரோஅட்ரியாட்டிக்கம் என்ற ஒரே பெயரை அதில் போட்டிருக்கிறார்கள். 1962இல் வைத்த பெயர் அது. ஒரே இனம் என்று கருதப்பட்டவை மரபணு அளவில் மிகவும் வேறுபட்டவை என்று தெரிந்தபின், 2018இல் அவற்றைக் கிளாடோகோபியம், டுருஸ்டினியம், பிரேவியோலம் எனப் பல பேரினங்களாகப் பிரித்துவிட்டார்கள். அது வெறும் பெயர் மாற்றம் அன்று. பவளங்களில் டுருஸ்டினியம் வகை வெப்பத்தை அதிகம் தாங்கும். ஆனால் பொதுவாக, குடியிருக்கும் விலங்குக்கு உணவைக் குறைவாகவே கொடுக்கும். இவ்வளவு சிரத்தையோடு நடத்தும் கடை படத்தையும் புதுப்பித்துவிடலாம்.

பாசி உண்மையிலேயே உணவு கொடுக்கிறதா என்பது நெடுங்காலம் வாதத்தில் இருந்தது. 1928–29இல் ஆஸ்திரேலியாவின் கிரேட் பேரியர் ரீஃபில் ஆய்வு நடத்திய குழுவின் தலைவர் சி. எம். யங், பவளங்கள் முழுக்க ஊனுண்ணிகள், பாசியால் கிடைக்கும் பயன் கழிவு அகற்றுவதே என்று கருதினார். விடை கிடைத்தது கடற்சாமந்தி ஒன்றின் மூலமாகத்தான். 1958இல் லியோனார்டு மஸ்கட்டினும் கேடட் ஹேண்டும் கலிஃபோர்னியக் கரையில் வாழும் ஆந்தோப்ளூரா என்ற கடற்சாமந்திக்குக் கதிரியக்கக் கார்பன்-14 கலந்த நீரையும் வெளிச்சத்தையும் கொடுத்தார்கள். பாசி பிடித்து வைத்த அந்தக் கார்பன், பிறகு விலங்கின் திசுவிலேயே காணப்பட்டது. வெளிச்சம் போதுமான அளவு இருந்தால் பாசி தயாரிக்கும் சர்க்கரையில் 90 விழுக்காட்டுக்கும் மேல் விலங்கின் கைக்குப் போகக்கூடும். பெரும்பங்கு குளுகோஸ். பதிலுக்குப் பாசிக்குக் கிடைப்பவை பாதுகாப்பான இடம், விலங்கு மூச்சுவிடும் கரியமில வாயு, அதன் கழிவில் உள்ள அம்மோனியா. கடற்சாமந்தியின் கைகளுக்குள் ஒளிந்து வாழும் கோமாளி மீனின் கழிவும் இந்தக் கணக்கில் சேர்கிறது. மீன் வெளியிடும் அம்மோனியாவை உரமாக எடுத்துக்கொண்டு பாசி செழிக்கிறது என்பது ஆய்வகத்தில் காட்டப்பட்ட உண்மை. ஆகவே இந்தக் கடையில் கோமாளி மீனையும் கடற்சாமந்தியையும் சோடியாக வாங்கச் சொல்வதை வெறும் வியாபாரத் தந்திரம் என்று ஒதுக்க முடியாது.

கோமாளி மீன்கள் இங்கே குஞ்சுப் பொரிப்பகத்தில் வளர்ந்தவை. இந்தக் கலை நம் பகுதிக்குப் புதிதன்று. கடலூர் மாவட்டத்திலேயே, பரங்கிப்பேட்டையில் உள்ள அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் கடல்வாழ் உயிரியல் மையமும், மண்டபத்தில் மத்தியக் கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனமும் கோமாளி மீன் இனப்பெருக்கத்தில் நீண்ட அனுபவம் உடையவை. பொரிப்பக மீன் உலர்தீனி உண்ணப் பழகியிருக்கும். வாங்கிய அன்றே தின்னும். ஒரே குறை, தொட்டியிலேயே பிறந்து வளர்ந்த சில மீன்கள் கடற்சாமந்தியைப் பார்த்ததும் அதற்குள் ஓடிவிடுவதில்லை. சில வாரங்கள் பம்பின் மூலையிலேயே நின்றுகொண்டிருக்கும். இதைக் கடையில் முன்கூட்டியே சொல்லிவிடுகிறார்கள்.

இனி விளக்கு. கடற்சாமந்தி வாங்க வருபவரிடம் இவர்கள் முதலில் கேட்பது தொட்டியின் கொள்ளளவை அன்று, “என்ன லைட் போட்டிருக்கீங்க?” என்றுதான். உரிமையாளர் எல்லோருக்கும் சொல்லும் விளக்கம், “செடி மாதிரி நினைச்சுக்குங்க சார், வெளிச்சம் இல்லன்னா வாடிடும்” என்பது. எளிதில் புரியும் உவமைதான், ஆனால் பாதிதான் சரி. செடிக்கு வாய் கிடையாது, இதற்கு உண்டு, வாரத்துக்கு ஓரிரு முறை இறால் துண்டும் வேண்டும். இலைத் தாவரங்களில் இல்லாத பெரிடினின் என்ற நிறமி இந்தப் பாசியில் இருக்கிறது. அது நீலத்திலும் நீலப்பச்சையிலும் உள்ள ஒளியைப் பிடிக்க வல்லது. கடலில் சிவப்பு ஒளி முதல் சில மீட்டர்களிலேயே உறிஞ்சப்பட்டுவிடுவதால் ஆழத்தில் கிடைப்பது அந்த நீலம்தான். எனவே செடித் தொட்டிக்கு விற்கும் சிவப்பு கலந்த விளக்கை இதற்கு வாங்குவதில் பயன் குறைவு. இந்த வேறுபாட்டைச் சொல்லி, கையில் செடி விளக்கோடு வந்தவரைத் திருப்பி அனுப்பியதைப் பார்த்திருக்கிறேன்.

ஆனால் அவர்கள் விற்கும் நீல எல்.இ.டி. விளக்கைப் பற்றி எனக்கு முழு நிறைவு இல்லை. ஒளியின் தரம் நன்று. தொட்டியின் மேல்பகுதியில் வைத்த கடற்சாமந்திக்குப் போதுமான வெளிச்சம் கிடைக்கிறது; கடையில் முன்பணம் வாங்கிக்கொண்டு இரவல் தரும் பார் மீட்டரால் நானே அளந்து பார்த்தேன். அந்தக் கருவி, ஒளிச்சேர்க்கைக்குப் பயன்படும் ஒளித்துகள்கள் ஒரு சதுர மீட்டரில் ஒரு வினாடிக்கு எத்தனை மைக்ரோமோல் விழுகின்றன என்று காட்டும். நண்பகல் வெயிலில் கடலின் மேற்பரப்பில் அது ஏறத்தாழ 2000. தொட்டியில் இந்தக் கடற்சாமந்திக்கு 150 முதல் 300 வரை இருந்தால் தாராளம். குறை விளக்கின் உடலில்தான். விசிறி இரைகிறது, தாங்கியில் உள்ள திருகுகள் சாதாரண இரும்பு. கடலோர ஊரில், உப்புநீர்த் தொட்டிக்கு மேலே தொங்கவிடும் பொருளுக்குத் துருப்பிடிக்கும் திருகு போடுபவரை என்ன சொல்வது! துரு தண்ணீரில் விழும் முன் கவனித்து, துருப்பிடிக்காத எஃகுத் திருகுகளை வன்பொருள் கடையில் வாங்கி மாற்றிக்கொண்டேன். கடையில் சொன்னபோது ஒப்புக்கொண்டார்கள். ஆனால் அதே விளக்கு அதே திருகுகளோடுதான் இன்னமும் விற்பனையில் இருக்கிறது.

விளக்கைவிட, அதைப் பழக்கும் முறையை இவர்கள் சொல்லிக் கொடுப்பதுதான் மதிப்புள்ளது. மங்கலான இடத்திலிருந்து வந்த பாசியைத் திடீரென்று கடும் வெளிச்சத்தில் நிறுத்தினால், உள்ளே வரும் ஒளியாற்றலை அது கையாள முடியாமல் திணறும். ஒளிச்சேர்க்கைப் பொறி பழுதாகி, செல்லைச் சிதைக்கும் வினைத்திறன் மிக்க ஆக்சிஜன் மூலக்கூறுகள் பெருகும். விலங்கு தன்னைக் காத்துக்கொள்ளப் பாசியை வெளியே தள்ளிவிடும். ஆகவே முதல் வாரம் விளக்கின் திறனில் மூன்றில் ஒரு பங்கு மட்டும், பிறகு வாரந்தோறும் சிறிது சிறிதாக உயர்த்த வேண்டும் என்று தமிழில் அச்சிட்ட ஒரு தாளைப் பையோடு கொடுக்கிறார்கள். தாளின் மறுபக்கத்தில் எந்தத் தேதியில் எவ்வளவு என்று எழுதிக்கொள்ளக் கட்டங்கள் உள்ளன. மெனக்கெட்டுச் செய்த வேலை.

இதே திணறலைக் கடலில் ஏற்படுத்துவது வெப்பம். ஓரிடத்தின் வழக்கமான கோடைக்கால உச்சத்தைவிட நீர் ஒரு டிகிரி செல்சியஸ் மட்டும் உயர்ந்து சில வாரங்கள் நீடித்தாலே பவளங்கள் வெளிறத் தொடங்கிவிடும். தூத்துக்குடிக்கும் இராமேசுவரத்துக்கும் இடையே 21 தீவுகளைச் சுற்றி இருக்கும் மன்னார் வளைகுடாப் பவளத் திட்டுகள் 2010இலும் 2016இலும் அப்படி வெளிறின. 2024 ஏப்ரலில், உலகளாவிய நான்காவது வெளிறல் நிகழ்வு நடந்துகொண்டிருப்பதாக அமெரிக்கக் கடல், வளிமண்டல நிறுவனமான நோவா அறிவித்தது. தொட்டி வைத்திருப்பவருக்கு இது தொலைதூரச் செய்தி அன்று. கடலூரில் அக்னி நட்சத்திர நாள்களில் மாடி அறையில் உள்ள தொட்டி, பிற்பகலில் 32 டிகிரியைச் சாதாரணமாகத் தொட்டுவிடும். பம்பின் சூடும் விளக்கின் சூடும் அதோடு சேரும். இதற்கு வேண்டிய சில்லர் என்ற குளிர்விப்பானை இந்தக் கடை இருப்பில் வைப்பதில்லை. முன்பணம் கட்டினால் சென்னையிலிருந்து வரவழைத்துத் தருகிறார்கள், காத்திருக்க வேண்டும். மே மாதத்தில் கடற்சாமந்தி விற்பவர்கள் சில்லரையும் இருப்பில் வைத்திருக்க வேண்டாமா? சில்லர் வாங்க முடியாதவர்களுக்கு, நீர்ப்பரப்பின் மேல் சிறு விசிறி வைக்கவும், ஆவியாகும் நீருக்கு ஈடாக உப்பில்லாத ஆர்.ஓ. தண்ணீரை ஊற்றவும் சொல்கிறார்கள். அதனால் ஓரிரு டிகிரி குறையும். நம் ஊர்க் காற்றில் ஈரம் அதிகம் என்பதால் அதற்கு மேல் எதிர்பார்க்க முடியாது.

மின்வெட்டைப் பற்றிய இவர்களுடைய அறிவுரையும் பாசியின் இயல்பை அறிந்து சொல்வது. பகலில் வெளிச்சம் இருக்கும்வரை பாசி ஆக்சிஜன் தரும். இரவில் அதுவும் விலங்கைப் போலவே ஆக்சிஜனை எடுத்துக்கொள்ளும். ஆகவே இரவு மின்வெட்டில் விளக்கைவிடக் காற்றடிக்கும் கருவிதான் முதல் தேவை. மின்கலத்தில் ஓடும் சிறு ஏர் பம்பைத் தொட்டியோடு சேர்த்தே விற்கிறார்கள். 2011 டிசம்பர் 30இல் தானே புயல் நம் மாவட்டத்தைப் புரட்டிப் போட்டபின் எத்தனை நாள் மின்சாரம் இல்லாமல் இருந்தோம் என்பதை மறக்காதவர்களுக்கு அந்தப் பம்பின் விலை பெரிதாகத் தெரியாது.

தண்ணீருக்கு இரு வழிகள் வைத்திருக்கிறார்கள்: செயற்கைக் கடலுப்பைக் கரைத்த நீர், கடலிலிருந்து எடுத்து வடிகட்டிய நீர். இரண்டாவது மலிவு. ஆனால் வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் தென்பெண்ணையும் கெடிலமும் சங்கராபரணியும் கலங்கி வந்து கடலில் சேரும்போது கரையோர நீரின் உப்பளவு சரிந்துவிடும். வயல்களில் தெளித்த களைக்கொல்லிகளும் அதோடு வரக்கூடும். அந்த மாதங்களில் கடல்நீர் விற்பனையை நிறுத்திவிடுகிறார்கள். லாபத்தை விட்டுக்கொடுத்துச் செய்யும் காரியம் இது, பாராட்டுகிறேன்.

அதே கவனம் முன்பகுதிக் கடையில் இல்லை என்பதுதான் என் பெரிய மனக்குறை. நன்னீர்த் தொட்டியில் படியும் பச்சைப் பாசியை ஒழிக்கும் மருந்துப் புட்டிகளும், மீன் நோய்க்கான செம்பு கலந்த மருந்தும், கடல்நீர்ப் பகுதிக்கான பொருள்களோடு ஒரே அலமாரியில், எந்த எச்சரிக்கையும் இல்லாமல் அடுக்கப்பட்டிருக்கின்றன. கண்ணாடியில் படிந்த பாசியை ஒழிக்கும் பொருள், கடற்சாமந்திக்குள் உள்ள பாசியைத் தனித்து விட்டுவைக்காது. டையூரான் என்ற களைக்கொல்லி ஒளிச்சேர்க்கையை முடக்கும். ஆய்வகங்களில் கடற்சாமந்தியைப் பாசி இல்லாமல் ஆக்குவதற்கு அதையே பயன்படுத்தியிருக்கிறார்கள். செம்போ முதுகெலும்பற்ற உயிர்களுக்கே நஞ்சு. இதைவிட மோசமானது வீட்டுக்கு வந்து தொட்டியைச் சுத்தம் செய்யும் இவர்களுடைய சேவை. உள்ளறையில் இருப்பவர்களுக்குத் தெரிந்தது வெளிவேலைக்கு வருபவர்களுக்குத் தெரியவில்லை. என் வீட்டுக்கு வந்தவர், வேறொரு வீட்டில் மருந்திட்ட தொட்டியில் பயன்படுத்திய அதே குழாயை, அலசாமல், என் தொட்டியில் விட முயன்றார், தடுத்துவிட்டேன். இதைத் தொலைபேசியில் சொன்னபோது உரிமையாளர் வருத்தம் தெரிவித்தார், அந்த மாதச் சேவைக் கட்டணத்தையும் வாங்கவில்லை. இருந்தாலும் இந்தச் சேவையை நான் தொடரவில்லை. யாருக்கும் பரிந்துரைக்கவும் மாட்டேன்.

பவளம் கேட்டு வருபவர்களை இந்தக் கடை எப்படி நடத்துகிறது என்பதையும் சொல்லியாக வேண்டும். கல்போல் வளரும் கடினப் பவளங்கள் அனைத்தும், கருப்புப் பவளம், நெருப்புப் பவளம், கடல்விசிறி ஆகியவையும் 2001இல் 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் சேர்க்கப்பட்டுவிட்டன. உயிருள்ளதானாலும் சரி, செத்து வெளுத்த கூடானாலும் சரி, விற்பதும் வாங்குவதும் குற்றம். ஆனாலும் அலங்காரத்துக்கென்று பவளத் துண்டுகளைக் கேட்பவர்கள் வந்துகொண்டுதான் இருக்கிறார்கள். இங்கே தொட்டிகளில் உள்ள பாறைகள் அனைத்தும் சிமென்ட்டிலும் சுட்ட மண்ணிலும் வார்த்தவை. மாதக்கணக்கில் நீரில் ஊறி, மேலே இளஞ்சிவப்புப் பூச்சுப் பாசி படர்ந்து, நிஜப் பாறையா என்று சந்தேகம் வரும் அளவுக்குப் பழகியிருக்கின்றன. ஒரு வாடிக்கையாளர், கல்யாண வீட்டு அலங்காரத்துக்கு ஒரே ஒரு துண்டு போதும் என்று கெஞ்சியபோது, உரிமையாளர் “அண்ணே, அதை நீங்க கையில வச்சிருந்தாலே கேஸு” என்று சொல்லி சிமென்ட் பாறையைக் காட்டினார். அவர் வாங்காமல் போய்விட்டார்.

பாறைகளில் அங்கங்கே கண்ணாடி போன்ற சிறு கடற்சாமந்திகள் முளைத்திருப்பதைக் கவனித்தேன். ஐப்டேசியா என்ற இது தொட்டி வைத்திருப்பவர்களுக்குப் பெரும் தொல்லை. ஒரு துணுக்குப் பாதத்திலிருந்தும் புதிதாய் முளைத்துவிடும். வேடிக்கை என்னவென்றால், பவளத்துக்கும் பாசிக்கும் உள்ள உறவை ஆராய்பவர்கள் உலகெங்கும் ஆய்வகங்களில் வளர்ப்பது இந்தத் தொல்லையைத்தான். பாசியை முழுவதும் நீக்கிவிட்டாலும் தீனி கொடுத்தால் உயிரோடு இருக்கும், மறுபடி பாசியைக் கொடுத்தால் ஏற்றுக்கொள்ளும் என்பதால் ஆய்வுக்கு அது வசதி. வாங்குபவருக்கு அதனால் ஆறுதல் கிடைக்காது. பாறை வாங்கினால் இவற்றை நீக்கித் தரச் சொல்லுங்கள்; கேட்டால் செய்கிறார்கள், கேட்காவிட்டால் அப்படியே கட்டித் தந்துவிடுகிறார்கள்.

விலை மற்ற கடைகளைவிட ஏறத்தாழ ஒன்றரை மடங்கு. ரசீது தருகிறார்கள்; பழுப்பு நிறமும் மூடிய வாயும் கிழியாத பாதமும் உள்ளதைக் காட்டி, தொட்டுப் பார்க்கச் சொல்லி, அதன் கைகள் நம் விரலில் ஒட்டுகின்றனவா என்று சரிபார்த்த பின்பே பையில் போடுகிறார்கள். முதல் இரண்டு வாரங்களில் இறந்தால் மாற்றித் தருவதாகச் சொல்கிறார்கள், ஆனால் விளக்கின் புகைப்படத்தையும் நீர்ச் சோதனை எண்களையும் காட்ட வேண்டும் என்பது நிபந்தனை. எனக்கு அது நியாயமாகவே படுகிறது. கடற்சாமந்திக்கும் கோமாளி மீனுக்கும் ஐந்துக்கு நாலரை, விளக்குக்கு மூன்று, வீட்டுச் சேவைக்கு ஒன்று கொடுப்பேன். சனி ஞாயிறு மாலைகளில் போக வேண்டாம். உள்ளறையில் பேச யாருக்கும் நேரம் இருக்காது. கடலூரிலிருந்து போகிறவர்கள் காலையிலேயே கிளம்பி, தெர்மாகோல் பெட்டி ஒன்றைக் கையோடு கொண்டு போவது நல்லது. கடையில் அதற்குத் தனியே காசு வாங்குகிறார்கள்.